பிராட்வே ரோட்டுக்குப் பேர் கொடுத்த வக்கீல்

(போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, சின்ன ஊர் ப்ளீடரா ஆரம்பிச்சு சென்னை மாகாணத்துக்கே பிரதமரா, அதாவது இப்ப நாம சொல்ற முதலமைச்சரா, ஆன டங்குடூரி பிரகாசத்தைப் பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகளையே இந்த வாரம் எடுத்துக்கிட்டேன்.)

கேள்வி: எங்க கடை பிராட்வேல இருக்கு. போர்டுல பிரகாசம் சாலைன்னு போட்டிருக்கு, யாரும் அப்படிச் சொல்றதில்ல. அந்தப் பிரகாசம்தானா இவர்? - ஒரு வாசகர், சென்னை 1

அவரேதான் சார். பஸ் கண்டக்டர்ல இருந்து கூரியர் பையன் வரைக்கும் எல்லாருக்கும் அது பிராட்வேதான், அதனால அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருக்கார்ங்கறதே நிறைய பேருக்குத் தெரியாம போச்சு. 1872 ஆகஸ்ட் 23-ம் தேதி, ஓங்கோல் பக்கத்துல வினோதராயுனிபாலெம்னு ஒரு கிராமத்துல பிறந்தவர். 11 வயசுல அப்பா இறந்துட்டார், அம்மா சுப்பம்மா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஓங்கோலுக்கு வந்து சாப்பாட்டு மெஸ் நடத்தினாங்க. அந்தக் காலத்துல ஒரு பிராமண விதவை காசு வாங்கிக்கிட்டு ஊராருக்குச் சமைச்சுப் போடறதுன்னா சொந்தக்காரங்களே முகம் கொடுத்துப் பேசமாட்டாங்க. அந்த அம்மா அதையெல்லாம் தாங்கிக்கிட்டு பையனைப் படிக்க வச்சாங்க. மிஷன் ஸ்கூல் வாத்தியார் ஹனுமந்த ராவ் நாயுடுவுக்கு நாடகப் பைத்தியம், பையனுக்கும் அதே பைத்தியம், மேடையில பொம்பள வேஷமெல்லாம் கட்டியிருக்கார். அந்த வாத்தியார் வக்கீல் தொழில் பண்ண ராஜமுந்திரிக்குப் போறப்ப இவரையும் கூடவே கூட்டிக்கிட்டுப் போயி படிக்க வச்சார், அதுதான் இவர் வாழ்க்கையோட முதல் திருப்பம். சொந்த ரத்தம் இல்லாத ஒருத்தர் அவ்ளோ செஞ்சிருக்கார், பிரகாசத்தைப் பத்தி எங்க பேசினாலும் அந்த வாத்தியார் பேரையும் சேர்த்துச் சொல்லணும்னு நான் நினைக்கிறேன்.

கேள்வி: செகண்ட் கிரேடு ப்ளீடர்னு எழுதியிருந்தீங்க. அப்படின்னா என்ன? அதுல இருந்துக்கிட்டு எப்படி அரசியலுக்கு வந்தார்? - ஒரு வாசகி, கும்பகோணம்

இப்ப மாதிரி ஒரே சன்னது (வக்கீல் தொழில் பண்ற உரிமம்) வாங்கிட்டா முன்சீப் கோர்ட்ல இருந்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் நிக்கலாம்ங்கறது அப்ப கிடையாது. பாரிஸ்டர், ஹைகோர்ட் வக்கீல், முதல் கிரேடு ப்ளீடர், செகண்ட் கிரேடு ப்ளீடர்னு படிப்படியா இருந்துச்சு. செகண்ட் கிரேடுன்னா கீழ் கோர்ட்டுதான் எல்லை, முன்சீப் கோர்ட், மாஜிஸ்ட்ரேட் கோர்ட் அதோட சரி, கேஸ் அப்பீலுக்கு மேல போச்சுன்னா கேஸ் கட்டை வேற பெரிய வக்கீல் கையில கொடுத்துட்டு நீங்க பின்னாடி பெஞ்சுல உக்காரணும். நம்ம வ.உ.சி.யும் ஒட்டப்பிடாரத்துல ஆரம்பிச்சது இதே மாதிரி ப்ளீடராத்தான்.

ஆனா அந்தக் கீழ் கோர்ட்ல ஒரு விஷயம் இருக்கு. அங்க வர்றவங்க யாரு? வரப்புத் தகராறு, குத்தகை பாக்கி, ஜமீன் ஆளு மாட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டான்னு வர்ற குடியானவன், பாகப்பிரிவினையில ஏமாந்த விதவை, அடிதடியில மாட்டின கூலிக்காரன். வாய்தாவுக்கு வாய்தா அவங்க வந்து மரத்தடியில சோத்து மூட்டையோட உக்காந்திருப்பாங்க, வக்கீல் அவங்க கிராமத்துல யார் யாருக்கு சொந்தம், யார் யாருக்குப் பகைங்கறது வரைக்கும் தெரிஞ்சு வச்சிருப்பார். சம்பளம் வாங்கற உத்தியோகஸ்தன் கலெக்டருக்குப் பயப்படணும், வியாபாரி லைசென்ஸுக்குப் பயப்படணும், வக்கீலுக்கு மட்டும்தான் ஊர்ல எழுந்து நின்னு எதிர்த்துப் பேசறதே தொழில். சின்ன ஊர் வக்கீலுங்க அத்தனை பேர் அரசியலுக்கு வந்ததுக்கு இதுதான் காரணம், தேசபக்தி அவங்களுக்கு மட்டும் கூடுதலா இருந்துச்சுன்னு இல்ல.

அவங்க முதல்ல ஏறின படி முனிசிபாலிட்டி. ரிப்பன் பிரபு 1882-ல உள்ளாட்சிக்கு ஒரு வழி திறந்து விட்டதுக்கு அப்புறம் ஊர்ப் பெரிய மனுஷங்க கொஞ்சம் கொஞ்சமா எலெக்‌ஷன் மூலமா உள்ள வர ஆரம்பிச்சாங்க. பிரகாசம் 1904-ல ராஜமுந்திரி முனிசிபல் சேர்மன் ஆனார், வயசு 31தான், அதுவும் ஊர்ல செல்வாக்கான ஒரு ஜமீன்தாரை எதிர்த்து நின்னு ஜெயிச்சு. மெஸ் நடத்தின அம்மாவோட பையன் கோதாவரிக் கரையில இருக்கற பெரிய ஊருக்கு சேர்மன்னா அந்த நாள்ல அது சாதாரண விஷயமே இல்ல.

அதே வருஷம் அவர் லண்டன் கிளம்பிட்டார். கேஸ் விஷயமா மெட்ராஸ் வந்தப்ப இவரோட வாதத் திறமையைப் பாத்துட்டு ஒரு பாரிஸ்டர், நீ ஏன் சீமைக்குப் போய் பாரிஸ்டர் படிக்கக்கூடாதுன்னு கேட்டிருக்கார், அது மனசுல பதிஞ்சுபோச்சு. மாமிசம், சுருட்டு, சாராயம் எதையும் தொடமாட்டேன்னு அம்மாகிட்ட வாக்குக் கொடுத்துட்டுக் கப்பல் ஏறினார். அங்க படிச்சுக்கிட்டே காங்கிரஸ் தலைவர் தாதாபாய் நவுரோஜி பிரிட்டிஷ் பார்லிமெண்ட் எலெக்‌ஷன்ல நின்னப்ப அவருக்காக வேலை பாத்தார். திரும்பி வந்து மெட்ராஸ் ஹைகோர்ட்ல பிராக்டிஸ். வெள்ளைக்காரங்களும் தமிழ் வக்கீலுங்களும் கொடி கட்டிப் பறந்த இடம் அது, அங்க தெலுங்கு தேசத்துல இருந்து வந்து பெரிய பேர் எடுத்த முதல் பாரிஸ்டர் இவர்தான்னு சொல்வாங்க.

கேள்வி: ஆஷ் கொலை வழக்குல இவர் ஆஜரானார்ங்கறது உண்மையா? - ஒரு வாசகர், செங்கோட்டை

உண்மை. 1911 ஜூன் 17-ம் தேதி மணியாச்சி ஜங்ஷன்ல ரயில் பெட்டியில வச்சு வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுட்டு அங்கயே தன்னையும் சுட்டுக்கிட்டார், அது உங்க ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லி ஆகவேண்டியதில்ல. அதுக்கப்புறம் நீலகண்ட பிரம்மச்சாரியை முதல் எதிரியா, அதாவது குற்றம் சாட்டப்பட்டவங்கள்ல முதல் ஆளா, போட்டு 14 பேர் மேல சதி வழக்கு நடந்துச்சு, அதுல ஒருத்தருக்காக பிரகாசம் வாதாடினார், அவருக்கு லேசான தண்டனையோட முடிஞ்சுது. ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் செத்திருக்கார், அரசாங்கம் கொதிச்சுப்போயிருக்கு, அந்த நேரத்துல அந்தக் கேஸ்ல வக்காலத்து போடறதுன்னாலே போலீஸ் குறிப்புல உங்க பேர் ஏறிடும். அதுக்கு முன்னாடி வங்காளத்து சுதந்திரப் போராட்டத் தலைவர் பிபின் சந்திர பாலர் மெட்ராஸ் வந்து பேசினப்பவும், மத்த பெரிய மனுஷங்க பயந்து ஒதுங்கினப்ப கூட்டத்துக்குத் தலைமை தாங்கினது இவர்தான். நல்லா சம்பாதிக்கற பாரிஸ்டர், இழக்கறதுக்கு நிறைய இருந்தவர், அதை மறந்துடக்கூடாது.

கேள்வி: போலீஸ் துப்பாக்கிக்கு முன்னாடி சட்டையைத் திறந்து மார்பைக் காட்டினார்ங்கறாங்களே, சினிமாவுக்குச் சேர்த்த கதையா? - ஒரு வாசகர், வேலூர்

கதை இல்ல, நடந்தது. 1928 பிப்ரவரி 3. இந்தியாவோட ஆட்சிமுறையைப் பத்தி விசாரிக்க, ஒரு இந்தியர்கூட இல்லாம பிரிட்டிஷ் அரசாங்கம் அனுப்பின சைமன் கமிஷன் பம்பாய்ல வந்து இறங்கின நாள், அதை எதிர்த்து நாடு முழுக்க ஹர்த்தால், கடையடைப்பு. மெட்ராஸ்ல ஹைகோர்ட்டுக்கு எதிர்ல, இன்னைக்கு நாம பாரிஸ் கார்னர்னு சொல்ற இடத்துல ஏகப்பட்ட கூட்டம், போலீஸ் சுட்டதுல ஒருத்தர் செத்துப்போயிட்டார். அந்த உடம்பைப் பாக்கணும்னு பிரகாசம் போறார், போலீஸ் விடல, மீறி வந்தா சுடுவோம்ங்கறாங்க. இவர் சட்டையைத் திறந்து, சுடுன்னு நின்னுட்டார். வயசு அப்ப 55. கடைசியில அவருக்கு வழிவிட்டாங்க. ஆந்திர கேசரி, அதாவது ஆந்திரத்துச் சிங்கம்ங்கற பட்டம் அதுக்கு அப்புறம்தான் ஒட்டிக்கிச்சு.

நீங்க அந்த இடத்துல நின்னு பாத்தா ஒண்ணு புரியும். ஒரு பக்கம் அவர் கறுப்பு கவுன் போட்டு வாதாடின ஹைகோர்ட் கட்டடம், இன்னொரு பக்கம் பிராட்வே, அவர் பேர் வச்ச ரோடு.

கேள்வி: பெரிய வருமானம்னு சொல்றீங்க, ஆனா கடைசியில கையில காசே இல்லாம இருந்தார்னு எங்க தாத்தா சொல்வார். பணம் எங்க போச்சு? - ஒரு வாசகி, திருத்தணி

பெரும்பகுதி பேப்பர்ல போச்சும்மா. 1921-ல ஒத்துழையாமை இயக்கத்துக்காக காந்தி சொன்னபடி பிராக்டிஸை விட்டார், விட்ட கையோட ஸ்வராஜ்யான்னு ஒரு பத்திரிகை தொடங்கினார், அதுவும் ஒரு மொழியில இல்ல, இங்கிலீஷ், தெலுங்கு, தமிழ்னு மூணுலயும். கோடம்ராஜு ராமாராவ், காசா சுப்பா ராவ் மாதிரி பின்னாடி பெரிய பேர் வாங்கின பத்திரிகைக்காரங்க அங்க வேலை பாத்தவங்க. விளம்பரம் கிடைக்காது, ஏன்னா வெள்ளைக்காரக் கம்பெனிங்க தரமாட்டாங்க, அவங்களுக்குப் பயந்த நம்ம கம்பெனிங்களும் தரமாட்டாங்க. வக்கீலா சேர்த்த சொத்தை எல்லாம் அதுல போட்டுப் போட்டு ஓட்டினார், அவர் ஜெயிலுக்குப் போற காலத்துல கவனிக்க ஆள் இல்லாம கடன் ஏறிச்சு, 1930-கள்ல பேப்பரே நின்னுபோச்சு.

இதுல நேர்மையா சொல்லவேண்டிய இன்னொரு பக்கமும் இருக்கு. ஜனங்க பொதுக்கூட்டத்துல அவருக்குன்னு கொடுத்த பண முடிப்பை சொந்த செலவுக்கும் எடுத்துக்கிட்டார், அது காந்திக்குச் சுத்தமா பிடிக்கல, பொதுவாழ்க்கையில இருக்கறவர் அப்படிச் செய்யக்கூடாதுன்னு அவர் கண்டிப்பா இருந்தார். எனக்கு இதுல காந்தி பக்கம்தான் நியாயம்னு படுது. அதே நேரம், எல்லாத்தையும் தொலைச்சுட்டு வந்தவருக்கு ஜனங்க கொடுத்த காசு அது, கான்ட்ராக்ட் கமிஷன் இல்ல, அதையும் சேர்த்துத்தான் எடை போடணும்.

கேள்வி: ராஜாஜிக்கும் இவருக்கும் ஏன் ஆகல? ரெண்டு பேருமே வக்கீல், ரெண்டு பேருமே காங்கிரஸ்தானே? - ஒரு வாசகர், சேலம்

சேலத்துல இருந்து இந்தக் கேள்வி வந்ததுல சந்தோஷம், ஏன்னா ரெண்டு பேர் கதையும் ஆரம்பத்துல அச்சு அசல் ஒண்ணு. ராஜாஜி 1900-ல உங்க ஊர்ல பிராக்டிஸ் ஆரம்பிச்சு 1917-ல சேலம் முனிசிபல் சேர்மன் ஆனார், 1919-ல மெட்ராஸ் வந்தார், காந்தி பின்னாடி போய் தொழிலை விட்டார். பிரகாசம் ராஜமுந்திரி, ராஜாஜி சேலம், ரெண்டு பேருக்கும் முதல் பள்ளிக்கூடம் கோர்ட்டும் முனிசிபாலிட்டியும். ஆனா சுபாவம் வேற. ராஜாஜி முன்னாடியே கணக்குப் போட்டுக் காய் நகர்த்தறவர், பிரகாசம் நெஞ்சுல பட்டதை அந்த நிமிஷமே செய்யறவர். கட்சி அரசியல்ல எந்த சுபாவம் ஜெயிக்கும்னு உங்களுக்கே தெரியும்.

1937-ல காங்கிரஸ் சென்னை மாகாணத்துல ஜெயிச்சப்ப பிரதமர் பதவிக்கு பிரகாசம் பேரும் அடிபட்டுச்சு (அப்ப மாகாணத் தலைவருக்கே பிரதமர்னுதான் பேர்), காங்கிரஸ் காரியக் கமிட்டி ராஜாஜியை விரும்பினதால இவர் விட்டுக்கொடுத்து வருவாய் மந்திரியா இருந்தார். அந்தப் பதவியில இவர் செஞ்ச பெரிய வேலை ஜமீன்தாரி விசாரணைக் கமிட்டி. இவரே தலைவரா இருந்து, ஜமீன் நிலத்துல பாடுபடற குடியானவனுக்கு என்ன உரிமை, ஜமீன்தார் எவ்ளோ வரைக்கும் வசூல் பண்ணலாம்னு ஊர் ஊரா விசாரிச்சு ரிப்போர்ட் கொடுத்தார். முன்சீப் கோர்ட் மரத்தடியில அந்த ஆளுங்களோட பேசிப் பழகினவருக்கு இது புதுசா படிக்கவேண்டிய சப்ஜெக்ட்டே இல்ல, என்னைக் கேட்டா அவர் வாழ்க்கையிலயே உருப்படியான காரியம் இதுதான். அந்த மந்திரிசபை 1939 அக்டோபர்ல ராஜினாமா பண்ணிடுச்சு, அதனால ரிப்போர்ட் உடனே சட்டமாகல.

அப்புறம் 1942-ல ராஜாஜி காங்கிரஸை விட்டு விலகினார், பிரகாசம் வெள்ளையனே வெளியேறு போராட்டத்துல ஜெயிலுக்குப் போனார். 1946-ல எலெக்‌ஷன் முடிஞ்சதும் மேலிடம் மறுபடி ராஜாஜிதான் வரணும்னு சொல்லுது, ஜெயில்ல கிடந்துட்டு வந்த எம்.எல்.ஏ.க்கள் முடியவே முடியாதுங்கறாங்க. கடைசியில பிரகாசமும் முத்துரங்க முதலியாரும் போட்டி போட்டு பிரகாசம் ஜெயிச்சார், ஏப்ரல் 30-ல பிரதமர் ஆனார். தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரா இருந்த காமராஜ் முதலியார் பக்கம்தான் நின்னார். பதவிக்கு வந்த பிரகாசம் கதர்தான் முக்கியம், புது நூல் மில்லு வேண்டாம்னு ஒரே பிடியா நின்னார், அதுல மில் முதலாளிங்க மட்டும் இல்ல, சொந்தக் கட்சிக்காரங்களே பகையானாங்க. யாரையும் கலந்துக்காம முடிவு எடுக்கறார்னு புகார். கோர்ட்ல ஒத்தை ஆளா நின்னு ஜெயிக்கலாம், சட்டசபைக் கட்சியில ஒவ்வொரு ஆளையும் தினமும் தட்டிக்கொடுத்து வச்சுக்கணும், அது அவருக்குக் கடைசி வரைக்கும் வரவே இல்ல. 1947 மார்ச் 23-ல ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் வந்துட்டார், இவர் ஆட்சி ஒரு வருஷம்கூட முடியல. சுதந்திரம் வந்த ஆகஸ்ட்ல இவர் நாற்காலியில இல்ல, அதை நினைச்சா எனக்கு இப்பவும் வருத்தமாத்தான் இருக்கு.

1952-ல இன்னொரு தடவை. அப்ப இவர் காங்கிரஸை விட்டு வெளிய வந்து பிரஜா கட்சி ஆரம்பிச்சு, ஆச்சார்ய கிருபளானியோட கட்சியில சேர்ந்திருந்தார். சட்டசபையில 375 இடத்துல காங்கிரஸுக்கு 152தான், மெஜாரிட்டி இல்ல. கம்யூனிஸ்ட்டுகள் உள்பட எதிர்க்கட்சிங்க எல்லாம் ஒண்ணா சேர்ந்து பிரகாசத்தைத் தலைவரா தேர்ந்தெடுத்தாங்க. ஆனா கவர்னர் ஸ்ரீபிரகாசா, ராஜாஜியை மேல்சபைக்கு நியமனம் பண்ணி ஆட்சி அமைக்கக் கூப்பிட்டுட்டார். ஜனங்க ஓட்டுப் போட்டு வராத ஒருத்தரை நியமனத்துல கொண்டுவந்து முதலமைச்சர் ஆக்கினது சரியில்லைன்னு அன்னைக்கே சத்தம் கிளம்புச்சு, எனக்கும் அது சரியாப் படல.

கேள்வி: சென்னையை ஆந்திராவுக்குக் கேட்டவர் இவர். அவரை நாம ஏன் கொண்டாடணும்? - ஒரு வாசகர், பூந்தமல்லி

கேட்டார், ஒளிக்கவேண்டியதே இல்ல. 1952-ல தனி ஆந்திர மாநிலம் கேட்டு பொட்டி ஸ்ரீராமுலு மயிலாப்பூர்ல அக்டோபர் 19-ல உண்ணாவிரதம் தொடங்கி டிசம்பர் 15-ல இறந்துபோனார், கொந்தளிப்பு தாங்காம டிசம்பர் 19-ல நேரு ஆந்திர மாநிலத்தை அறிவிச்சார், சென்னை இல்லாம. இந்தப் பக்கம் ம.பொ.சி. தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்னு நின்னார், ராஜாஜியும் அசையல. அந்தச் சண்டையில தமிழர் பக்கம்தான் நியாயம், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா 1907-ல இருந்து இந்த ஊர்ல தொழில் பண்ணி, பத்திரிகை நடத்தி, இந்த ரோட்டுல துப்பாக்கி முன்னாடி நின்ன மனுஷன் இது எங்க ஊரும்தான்னு நினைச்சதுல வஞ்சம் எதுவும் இல்ல. ரோட்டுக்கு வச்ச அவர் பேரை நாம இன்னும் மாத்தாம வச்சிருக்கோமே, அது நமக்குத்தான் மரியாதை.

கேள்வி: ஒரே ஒரு ஓட்டுல ஆட்சி கவுந்துச்சாமே? - ஒரு வாசகர், ஓசூர்

ஆமா. 1953 அக்டோபர் 1-ல கர்னூலைத் தலைநகரா வச்சு ஆந்திர மாநிலம் பிறந்தப்ப முதல் முதலமைச்சர் பிரகாசம், நீலம் சஞ்சீவ ரெட்டி துணை முதல்வர். வயசு 81. மதுவிலக்குப் பிரச்சினையில 1954 நவம்பர்ல நம்பிக்கையில்லாத் தீர்மானம், ஒரு ஓட்டு வித்தியாசத்துல போச்சு. இருந்த ஒரு வருஷத்துல திருப்பதியில வெங்கடேஸ்வரா யூனிவர்சிட்டி வந்துச்சு, கிருஷ்ணா நதியில உடைஞ்சுபோன பழைய அணைக்கட்டுக்குப் பதிலா புதுசு கட்ட வேலை தொடங்குச்சு, விஜயவாடாவுல நீங்க பாக்கற பிரகாசம் பாரேஜ் அதுதான். 1957-ல ஓங்கோல் பக்கம் வெயில்ல சுத்துப்பயணம் போனப்ப வெயில் தாக்கி ஐதராபாத் ஆஸ்பத்திரியில சேத்தாங்க, மே 20-ல இறந்துட்டார்.

கேள்வி: நான் எல்.எல்.பி. மூணாவது வருஷம். சின்ன ஊர். வக்கீலா இருந்துக்கிட்டே அரசியலுக்கு வர்றது இப்ப நடக்குமா? - ஒரு மாணவி, அறந்தாங்கி

நடக்கும்மா. முதல்ல நல்ல விஷயம், 1961 வக்கீல் சட்டத்துக்கு அப்புறம் அந்த கிரேடு எல்லாம் ஒழிஞ்சுபோச்சு, நீ பார் கவுன்சில்ல பதிவு பண்ணிட்டா அறந்தாங்கியில ஆஜராகற அதே சன்னதுல மதுரை பெஞ்சுலயும் நிக்கலாம், லண்டனுக்குக் கப்பல் ஏற வேண்டாம். எம்.எல்.ஏ., எம்.பி. ஆனாலும் பிராக்டிஸ் பண்ணத் தடை இல்லைன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

ஆனா அவசரப்பட்டு கட்சி ஆபீஸ் வாசல்ல போய் நிக்காத. ஒரு நல்ல சீனியர்கிட்ட சேந்து முதல்ல கீழ் கோர்ட்ல கால் ஊனு, பட்டா, குத்தகை, ஜீவனாம்சம், ஜாமீன் இந்தக் கேஸுங்களை நீயே பாரு, சட்ட உதவி மையத்துல பேர் கொடு, உன்கிட்ட கேஸ் கொடுத்தவங்களோட கிராமத்துக்கு ஒரு தடவையாவது போய் இடத்தைப் பாத்துட்டு வா. பிளெயின்ட்ல (வழக்கு மனுவுல) எழுதியிருக்கற நாலெல்லைக்கும் நேர்ல இருக்கற வரப்புக்கும் எவ்ளோ வித்தியாசம் இருக்கும்னு அப்பதான் தெரியும், அந்த வித்தியாசத்துலதான் ஊர்ப் பிரச்சினை முக்கால்வாசியும் கிடக்கு. தொழில்ல வருமானம் நிக்கற வரைக்கும் முழுநேர அரசியல் வேண்டாம், பிரகாசம் கைக்காசு கரைஞ்சு பட்ட பாட்டைத்தான் மேல படிச்சியே. எம்.எல்.ஏ.க்கு நிக்க 25 வயசு ஆகணும், வார்டு கவுன்சிலருக்கு 21 போதும். உங்க ஊர் நகராட்சி வாக்காளர் பட்டியல்ல உன் பேர் இருக்கான்னு இந்த வாரமே பாத்து வச்சுக்கோ.